தொல்காப்பியப் பூங்காவுக்கு மாணவர் குழுவை அழைத்துச் செல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அடையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தை ஒட்டிய சிற்றோடைப் பகுதியில் 58 ஏக்கரில் அமைந்துள்ள தொல்காப்பியப் பூங்கா, சுற்றுச்சூழல் கல்விக்கும் பயன்படும் வகையில் மீட்டெடுக்கப்பட்ட ஓர் ஈரநிலம். பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றமாக இயங்கும் தேசிய பசுமைப் படையின் பொறுப்பாசிரியராக இருந்து பல குழுக்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். பிற பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் தொடர்ந்து கேட்டு வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இத்தனை இடங்கள் இருக்க, இந்தப் பூங்காவை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இந்த இடத்திற்கு ஒரு கதை இருப்பதும், அந்தக் கதையின் தடயங்களை மாணவர்கள் தம் கண்ணாலேயே தேடிப் பார்க்க முடிவதும்தான் காரணம். கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டு, கழிவுநீர் தேங்கிக் கிடந்த இடம் இது. 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என வழங்கும் அரசு அமைப்பு இந்த மீட்புப் பணியை ஏற்றது. ஆரோவில்லின் பிச்சாண்டிகுளம் காடு அமைப்பினர் திட்டத்தை வகுத்தனர். குப்பையை அகற்றி, நீர்நிலைகளை ஆழப்படுத்தி, இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களையும் புதர்களையும் நட்டபின், 2011 ஜனவரியில் பூங்கா திறக்கப்பட்டது.

பெயரும் பொருத்தமானது. நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என அதன் இயல்பை வைத்துப் பகுத்த இலக்கணத்தின் பெயரைத் தாங்கிய இடத்தில், "நாம் நிற்கும் இந்த நிலம் எந்தத் திணை?" என்று தொடங்கினால், தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்த முடிகிறது. என் அனுபவத்தில், தமிழாசிரியர் உடன் வந்த பயணங்கள் மற்றவற்றைவிடச் செழிப்பாக அமைந்தன.

ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம்?

ஒரு பேருந்தில் அடங்கும் நாற்பது பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் பள்ளியின் முதல் பயணத்தில் மூன்று பேருந்துகளில் நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துச் சென்றோம். வழிகாட்டி ஒரு மரத்தருகே நின்று பேசியது முதல் இரண்டு வரிசைகளுக்கு மட்டுமே கேட்டது; பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தார்கள்; நாங்கள் எழுப்பிய சத்தத்தில் பறவைகள் அனைத்தும் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. அடுத்த ஆண்டு அதே வகுப்பை மூன்று தனித்தனி நாள்களில் அழைத்துச் சென்றோம். ஆசிரியர்களுக்கு வேலை மூன்று மடங்காகியது உண்மைதான், ஆனால் பிள்ளைகள் அந்த முறைதான் பூங்காவைப் பார்த்தார்கள்.

நாற்பது பேரையும் பத்துப் பேர் கொண்ட நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெரியவர் பொறுப்பேற்க வேண்டும். ஆசிரியர்கள் போதாதபோது பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து இருவரை அழைத்துக்கொள்ளலாம். மாணவியர் இருக்கும் குழுவில் ஆசிரியை ஒருவராவது கட்டாயம் உடன் வர வேண்டும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது நல்லது?

டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை மிகவும் ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்நிலைகள் நிரம்பியிருக்கும். வலசை வரும் பறவைகளும் அப்போது இங்கே இருக்கும். வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் பயணத்தை வைத்தால், பூங்காவில் பறவைகளை எண்ணிப் பழகிய மாணவர்கள் விடுமுறையில் தங்கள் தெருவிலும் ஊர் ஏரியிலும் எண்ணித் தாமே கணக்கெடுப்பில் பங்கேற்கலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை எந்த நாளையும் பறித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில், குறிப்பாக அக்னி நட்சத்திர நாள்களில், பிள்ளைகளை வெயிலில் நடக்க வைப்பது தவறு.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பள்ளி நாள்காட்டியை மட்டுமே பார்க்கிறார்கள். கழிமுகத்துக்குப் போகும் குழு கடலின் ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தையும், பார்க்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முறை ஓதம் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருந்த நீர், நாளை ஏறத்தாழ 8.50-க்குத்தான் அந்த நிலைக்கு வரும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் மிகுதியாக இருக்கும். நீர் இறங்கும் நேரத்தில் போனால் சேற்றுத்திட்டு வெளிப்பட்டு, நண்டு வளைகளும் இரை தேடும் கொக்குகளும் தெரியும். ஆற்றின் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் காலங்களில் இந்த ஏற்ற இறக்கம் உள்ளே சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் கொள்ளவும். அப்படி அடைபட்டிருப்பதே நல்லதொரு பாடம்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, பூங்கா அனுமதிக்கும் முதல் நேரத்தையே கேட்டுப் பெறவும். பத்து மணிக்கு மேல் பறவைகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

மூன்று இடங்களில் பெற வேண்டும். முதலாவது, பூங்காவை நிர்வகிக்கும் அறக்கட்டளை. பள்ளியின் முகப்புத்தாளில், தலைமை ஆசிரியர் கையொப்பத்துடன், வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, உடன் வருவோர், விரும்பும் இரண்டு மாற்று நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு மாதத்திற்கு முன்பாவது விண்ணப்பித்து, அனுமதி நேரத்தையும் கட்டணத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, பள்ளிக் கல்வித் துறை. உங்கள் மேலதிகாரியின் முன் அனுமதி கைக்கு வருமுன் பேருந்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். மூன்றாவது, பெற்றோரின் ஒப்புதல் கடிதம். அக்கடிதத்தில் வெறும் கையொப்பம் மட்டும் வாங்காமல், குழந்தைக்கு உள்ள ஒவ்வாமை, மூச்சிரைப்பு, வலிப்பு, பயணத்தில் வாந்தி வரும் இயல்பு, வழக்கமாக எடுக்கும் மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு கைப்பேசி எண்கள் ஆகியவற்றையும் கேட்டுப் பெறவும்.

ஆசிரியர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவர வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பயண நாளுக்கு ஒரு வாரம் முன்பு, குழு போகப்போகும் அதே நேரத்தில், அதே பாதையில் நடந்து பாருங்கள். பேருந்து எங்கே நிற்கும், பிள்ளைகள் சாலையைக் கடக்க வேண்டியிருக்குமா, கழிப்பறைகள் எத்தனை, அவற்றில் தண்ணீர் வருகிறதா, குடிநீர் கிடைக்கிறதா, நாற்பது பேர் நிழலில் உட்காரும் இடம் எது என்பவற்றை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதே நடையில், மாணவர்களை நிறுத்திப் பேச வேண்டிய நான்கு இடங்களையும் முடிவு செய்துவிடலாம். நான்கு போதும்.

பயணத்துக்கு முன் வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

குறைவாகச் சொல்லுங்கள். அங்கே பார்க்கப்போவதை எல்லாம் படக்காட்சியாக முன்பே காட்டிவிட்டால், போனபின் பிள்ளைகள் சரிபார்க்க மட்டுமே செய்வார்கள். சென்னை வரைபடத்தை விரித்து, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் வழியில் பல ஏரிகளின் நீரையும் வாங்கி அடையாறு நகரின் ஊடே எப்படிக் கடலுக்கு வருகிறது என்று விரலால் தடம் பிடிக்கச் சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த ஆறு கரை மீறியதைப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னால், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நாம் எதிர்பாராத அளவு பேசுவார்கள்.

அதன்பின் ஒவ்வோர் அணிக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள். "இந்த நீர் உப்பா, நன்னீரா, அதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?" "ஒரே சேற்றில் பல பறவைகள் இரை தேடினால் ஏன் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை?" "இங்கே முன்பு குப்பைமேடு இருந்தது என்பதற்கு இப்போது ஏதேனும் அடையாளம் உண்டா?" இவற்றில் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் குழந்தைக்கு இரண்டு மணி நேரமும் வேலை இருக்கும்.

பூங்காவுக்குள் மாணவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதல் பத்து நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம். நீரைப் பார்த்தபடி உட்கார்ந்து, காதில் விழும் ஒலிகளை மட்டும் எழுதட்டும். நகரின் பேருந்து ஒலிக்கு நடுவே மீன்கொத்தியின் குரலைப் பிரித்துக் கேட்கப் பழக அந்தப் பத்து நிமிடம் தேவைப்படுகிறது.

பின்னர் அணியணியாக நடக்கலாம். பறவைகளில் பெயர்ப்பட்டியலைவிட நடத்தையைக் கவனிக்கச் சொல்லுங்கள். சின்னக் கொக்கு காலால் நீரைக் கலக்கி மீனை வெளியே கிளப்பும். மடையான் அசையாமல் கூனி நிற்கும். நீர்க்காகம் மூழ்கி எழுந்து சிறகை விரித்து உலர்த்தும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி வேறோர் இடத்தில் எழும். மூக்கின் நீளம், காலின் நீளம், நிற்கும் ஆழம் ஆகிய மூன்றையும் கட்டம் போட்ட ஓர் அட்டவணையில் குறித்தால், சண்டை ஏன் இல்லை என்ற கேள்விக்கான விடை அவர்கள் தாளிலேயே எழுந்துவிடும்.

மரங்களில் பூவரசு, புன்னை, தாழை ஆகிய மூன்றையும் முதலில் அடையாளம் காட்டுங்கள். இவை நெய்தல் நிலத்தின் மரபான துணைகள். பூவரசு இலையைச் சுருட்டி ஊதல் செய்வது எப்படி என்று எங்கள் குழுவில் உடன் வந்த ஒரு பாட்டி, உதிர்ந்து கிடந்த இலையை எடுத்துக் காட்டியபோது, அந்த மரத்தைப் பிள்ளைகள் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

என் மனத்தில் நிற்பது அலையாத்தி மரத்தின் இலை. ஓடைக் கரையில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் முனைகளைப்போல் மூச்சுவேர்கள் நிமிர்ந்து நிற்கும்; காற்றில்லாத சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்கு அவைதான் காற்றைக் கொண்டுபோகின்றன. மழை பெய்து சில நாள்கள் ஆகியிருந்த ஒரு ஜனவரிக் காலையில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கிளையைத் தொடாமல் குனிந்து லென்ஸை இலையருகே பிடித்தாள். இலை முழுவதும் சர்க்கரை தூவியதுபோல் வெள்ளைத் துகள்கள். பூச்சி முட்டை என்றாள் தோழி. தூசி என்றான் ஒரு பையன். விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுத்துக் கறுப்பு அட்டையில் தேய்த்து உலரவிட்டோம். சற்று நேரத்தில் அட்டையில் மீண்டும் வெள்ளைப் படிவம் வந்தது. "உப்பு டீச்சர், மரத்துக்கு வேர்க்குது," என்றாள். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன என்பதைச் சொல்ல எனக்கு அதற்குமேல் இரண்டு வரிகளே தேவைப்பட்டன.

நீரைச் சோதிக்கலாமா? அதற்கு ஆய்வகக் கருவிகள் வேண்டுமா?

பூங்கா நிர்வாகத்தின் அனுமதியோடு சோதிக்கலாம். கருவிகளுக்குப் பெரும் செலவில்லை. ஆனால் அடையாற்றில் கழிவுநீர் கலக்கிறது என்பதால், கையுறை அணிந்த பெரியவர் ஒருவரே கயிறு கட்டிய வாளியால் நீரை மொண்டு கொடுக்க வேண்டும்; மாணவர்கள் நீரில் கை வைக்கவோ நாக்கில் சுவைக்கவோ கூடாது.

நீர் எவ்வளவு கலங்கல் என்று அறிய ஓர் எவர்சில்வர் மூடியை நான்கு பாகமாக்கிக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவில் துளையிட்டு, முடிச்சுகளால் அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்கினால் போதும். மூடி கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. உப்பை அறிய, அளந்த ஒரு கரண்டி நீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து வெயிலில் காயவைத்து, அதே அளவு குழாய்நீரையும் மெரினா கடல்நீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஓடை நீரின் படிவம் குழாய்நீருக்கும் கடல்நீருக்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே மதிப்பிடுவார்கள்.

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் சிறு பெட்டி உங்கள் பள்ளியிலோ அருகிலுள்ள கல்லூரியிலோ இருந்தால் இரவல் வாங்குங்கள். மீன் வளர்வதற்கு உகந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜனும், 6.5 முதல் 8.5 வரையிலான பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும்) அளவும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. முடிவு அதற்குக் கீழே வந்தாலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். மீட்டெடுக்கப்பட்ட இடமும் மேலிருந்து வரும் நீரை நம்பியே இருக்கிறது என்பதை அந்த எண் தெளிவாகக் காட்டும்.

உணவுக்கு என்ன ஏற்பாடு?

புளியோதரை அல்லது எலுமிச்சைச் சோறு, எவர்சில்வர் டப்பாவில். தயிர்சோறு வெப்பத்தில் புளித்துவிடும் என்பதால் வெயில் மாதங்களில் தவிர்க்கவும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. எனவே நெகிழிப் பூச்சுத் தட்டும் தண்ணீர்ப் பாக்கெட்டும் பேருந்தில் ஏறவே கூடாது. ஒவ்வொருவரும் ஒரு தண்ணீர் பாட்டிலும், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மஞ்சப்பையும் எடுத்து வரட்டும். பூங்காவுக்குள் உண்ண அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு, இல்லையெனில் திரும்பும் வழியில் உண்ணும் இடத்தை முடிவு செய்துகொள்ளவும்.

என்ன உடை?

பழுப்பு, பச்சை போன்ற மங்கிய நிறத்தில் முழங்கை மூடிய பருத்திச் சட்டை, விரல் மூடிய காலணி, தொப்பி. அடர் வாசனைத் திரவியங்கள் வேண்டாம்.

பாம்பு இருக்குமா? பாதுகாப்புக்கு என்ன செய்வது?

ஈரநிலத்தில் பாம்பு இருப்பது இயல்பு. பாதையை விட்டு விலகாத குழுவுக்கு அதனால் ஆபத்து நேர்வது மிக அரிது. பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, அது போக வழிவிட வேண்டும் என்பதைப் பேருந்திலேயே ஒருமுறை நடித்துக் காட்டுங்கள். கடி நேர்ந்தால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

என் பார்வையில் பாம்பைவிட நீர்க்கரையும் சாலையும்தான் கூடுதல் கவனத்துக்கு உரியவை. கரையோரம் போகும்போது பெரியவர் எப்போதும் நீருக்கும் மாணவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். பால் வடியும் செடி எதையும் கிள்ளக் கூடாது என்பதும் முக்கியம்; எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு உண்டாகும். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளுக்குப் போகும் குழுக்கள் தில்லை மரத்தைப் பற்றி இதே எச்சரிக்கையைத் தர வேண்டும்.

முதலுதவிப் பெட்டியில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கிருமிநாசினி, கட்டுத்துணி ஆகியவற்றோடு சானிட்டரி நாப்கினும் இருக்கட்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். பேருந்தில் வைத்துவிட்டு வரக் கூடாது.

மாற்றுத்திறனாளி மாணவர்களை அழைத்துச் செல்ல முடியுமா?

முடியும், அழைத்துச் செல்லவும் வேண்டும். சக்கர நாற்காலி போகக்கூடிய பாதை எது என்பதை முன்பார்வையின்போதே நடந்து உறுதி செய்து, குழு முழுவதும் அந்தப் பாதையிலேயே போகும்படி திட்டமிடுங்கள். ஒரு மாணவரை மட்டும் வாயிலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவது மன்னிக்க முடியாதது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் இருக்கும் அணிக்கு ஒலிக் கேள்வியைக் கொடுங்கள். எங்கள் குழுவில் அந்த அணிதான் மிக நீண்ட பட்டியலோடு வந்தது.

செலவை எப்படிச் சமாளிப்பது?

பேருந்து வாடகைதான் பெரும் செலவு. நகருக்குள் இருக்கும் பள்ளிகள் பறக்கும் ரயிலில் மந்தைவெளிக்கோ கிரீன்வேஸ் சாலைக்கோ வந்து இறங்கினால் அதைத் தவிர்த்துவிடலாம். வழியில் மேலிருந்து பக்கிங்காம் கால்வாயையும், தெற்கிலிருந்து வருவோர் அடையாற்றையும் பார்த்தபடி வரலாம் என்பது கூடுதல் நன்மை. பணம் கொடுக்க முடியாத பிள்ளை யார் என்பது வகுப்பில் தெரியவரக் கூடாது. தொகையை மூடிய உறையில் வாங்கி, குறைவதைப் பசுமைப் படை நிதியிலிருந்தோ முன்னாள் மாணவர்களிடமிருந்தோ ஈடுகட்டுவது எங்கள் வழக்கம்.

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரலாமா?

வேண்டாம். அணிக்கு ஒரு கேமராவும் ஒரு பைனாகுலரும் போதும்.

அதே நாளில் கிண்டியையும் பள்ளிக்கரணையையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?

இப்படிக் கேட்காத தலைமை ஆசிரியர் அரிது; வாடகை கொடுத்த பேருந்து மாலை வரை இருக்கிறதே என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆயினும் வேண்டாம் என்றே சொல்வேன். மூன்று இடங்களுக்குப் போனால் நாளின் பாதி, ஏறுவதிலும் இறங்குவதிலும் எண்ணுவதிலும் கழிந்துவிடும். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்புநிலம் பெரும்பாலும் நன்னீர் தேங்கும் இடம். இதுவோ உவர்நீர் வந்துபோகும் இடம். அடுத்த ஆண்டு அதே மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, இந்த ஆண்டின் பறவைக் கட்டத்தை எடுத்து ஒப்பிடச் செய்தால் இரண்டு இடங்களும் புரியும்.

மழை வந்துவிட்டால்?

முந்தைய நாள் மாலை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்க்கவும். ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் மாற்று நாளுக்குத் தள்ளிவைக்கவும். விண்ணப்பத்திலேயே இரண்டு நாள்களைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். சிறு தூறலுக்காக நிறுத்த வேண்டியதில்லை.

திரும்பி வந்தபின் என்ன செய்ய வேண்டும்?

கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். "நாங்கள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்" என்று தொடங்கும் நாற்பது ஒரேமாதிரிக் கட்டுரைகள்தான் வரும். மறுநாள் முதல் பாடவேளையிலேயே, நினைவு ஆறுமுன், ஒவ்வோர் அணியும் தன் கேள்வியையும் தான் கண்டதையும் ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்ற அணிகள் மறுத்துக் கேட்கட்டும். கறுப்புத் தட்டுகளில் நீர் காய்ந்து உப்புப் படிந்த நாளில் அவற்றை ஒரு மேசையில் வரிசையாக வைத்து, இடத்தின் பெயரை மறைத்து, எது எந்த நீர் என்று பிற வகுப்பு மாணவர்களைக் கண்டுபிடிக்கச் செய்யலாம்.

பறவைக் கட்டத்தை ஒரு பிரதி எடுத்துப் பூங்கா நிர்வாகத்துக்கு அனுப்பிவையுங்கள். பின்னர் பள்ளிக்கு மிக அருகிலுள்ள ஏரியையோ கோயில் குளத்தையோ தேர்ந்தெடுத்து, அதே மூடி, அதே கயிறு, அதே கட்டத்துடன் மாதம் ஒருமுறை போய்வரலாம். எங்கள் பள்ளியின் பின்தெருவில் உள்ள குளத்தில் இப்போது எட்டாம் வகுப்பினர் கயிற்றை இறக்குகிறார்கள். மூடி மறையும் ஆழத்தை ஆறாம் வகுப்பினர் குறித்துக்கொள்கிறார்கள்.